மாட்டுக்குப் பல் பார்க்கலாம், பேட்டரிக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்காருக்கு மறுவிற்பனை விலையே கிடையாது என்று போன ஞாயிறு உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான் கோவை பீளமேட்டில் 22 வருடமாகப் பழைய கார் வாங்கி விற்கிறவன். கட்டுரையில் பாதி சரி. மீதிப் பாதி, ஒரு காரைக்கூட விற்றுப் பார்க்காதவர் எழுதியது மாதிரி இருக்கிறது. பத்து, பன்னிரண்டு லட்சத்து மின்கார் என் யார்டுக்கு வந்தால் இரண்டு மாதத்துக்குள் போய்விடுகிறது. போகாமல் கிடப்பது 2020, 21-ல் ஒரு கோடியை ஒட்டிக் கொடுத்து வாங்கிய சொகுசு மின்கார்கள். ஏன் என்று, என்னிடம் 17 மாதம் நின்ற ஒரு காரை வைத்துச் சொல்கிறேன். கடிதம் நீளம்தான். வெட்டுவதாக இருந்தால் வரியைப் பற்றி எழுதியிருப்பதை மட்டும் வெட்டாதீர்கள்.

நம் நாட்டுக்கு முதலில் வந்த சொகுசு மின்கார்களின் விலையை வாசகர்கள் மறந்திருப்பார்கள். 2020 அக்டோபரில் மெர்சிடிஸ் ஈ.க்யூ.சி. 99.30 லட்சத்துக்கு வந்தது. 2021 மார்ச்சில் ஜாகுவார் ஐ-பேஸ், ஆரம்ப விலையே 1.06 கோடி. அதே வருடம் ஜூலையில் ஆடி கம்பெனியின் ஈ-ட்ரான், 99.99 லட்சத்திலிருந்து. எல்லாம் ஷோரூம் விலை. என்னிடம் நின்றதும் அந்தக் காலத்துக் கார்தான். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. கடைசியில் அதை வாங்கிக்கொண்டு போனவர் உங்கள் வாசகர்.

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிற ஒருவர் 2021 கடைசியில் எடுத்த வண்டி அது. சிங்கிள் ஓனர். 21,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. பின் சீட்டில் யாரும் அதிகம் உட்கார்ந்ததாகவே தெரியவில்லை, பிளாஸ்டிக் வாசனை அப்படியே இருந்தது. 2024 மார்ச்சில் 46 லட்சத்துக்கு வாங்கினேன். பாதி விலைக்கும் கீழே அமைந்ததே என்று எனக்கு ஏக சந்தோஷம். 52-க்குத் தள்ளிவிடலாம் என்று கணக்கு. கையிலிருந்து 16 லட்சம், மீதி 30 லட்சம் வெளியே வாங்கியது. நூற்றுக்கு ஒன்றேகால் வட்டி, மாதம் 37,500 ரூபாய்.

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டும். அவர் மாட்டுத் தரகர். கண்ணபுரம் சந்தை, அந்தியூர் சந்தை என்று வருடம் முழுக்க அலைந்தவர். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். விலை பேசுவதற்கு முன்னால் மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார். இரண்டு பல், நாலு பல், ஆறு பல், கடைசிப் பல்லும் வந்து கடை சேர்ந்தது என்று வயசைச் சொல்லிவிடுவார். விற்கிறவன் என்ன வயசு சொன்னாலும் பல் பொய் சொல்லாது.

டீசல் காருக்கும் பல் உண்டு. எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை எப்படி வருகிறது என்று தெரியும். மீட்டரைச் சுற்றியிருந்தாலும் ஸ்டீயரிங் தோலும் பிரேக் பெடல் ரப்பரும் காட்டிக் கொடுத்துவிடும். 22 வருடத்தில் நான் ஏமாந்தது நாலைந்து தடவைதான். இந்தக் காருக்கு எதைத் திறந்து பார்ப்பது? அடியில் தட்டையாக ஒரு பேட்டரிப் பெட்டி, சீல் வைத்தது. காரின் மதிப்பில் பெரும்பகுதி அதற்குள்தான் இருக்கிறது. சரி, சர்வீஸ் சென்டரில் கேட்போம் என்று போனேன். பேட்டரி ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று அவர்கள் கம்ப்யூட்டரில் தெரியும். ஆனால் ‘அதையெல்லாம் எழுத்தில் தர முடியாதுங்க’ என்று அனுப்பிவிட்டார்கள். வெளியில் ஒரு பையன் சின்னக் கருவியைச் செருகிப் போனில் பார்த்து 91 என்றான். இன்னொருவர் வேறு ஆப்பில் பார்த்து 86 என்றார். வாங்க வந்தவர்களிடம் நான் எதைச் சொல்வது? 91 என்று சொன்னேன். வியாபாரிதானே.

2024 ஆடி மாதம் வரை 44, 45 என்று கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை. தீபாவளிக்குப் பார்க்கலாம் என்று இருந்தேன். அந்த நவம்பர் 26-ம் தேதி, நம் சென்னையில் வைத்து, மஹிந்திரா பி.ஈ. 6, எக்ஸ்.ஈ.வி. 9ஈ இரண்டையும் வெளியிட்டார்கள். ஒன்று 18.90 லட்சத்திலிருந்து, மற்றது 21.90 லட்சத்திலிருந்து. 79 யூனிட் பேட்டரி, 175 கிலோவாட் வேகத்தில் சார்ஜ். எல்லா வசதியும் உள்ள பெரிய வண்டியே ஷோரூமில் 30.50 லட்சம்தான். நான் மேலே சொன்ன மூன்று கார்களிலும் வேகச் சார்ஜ் 100-லிருந்து 150 கிலோவாட்டுக்குள். அதாவது ஒரு கோடி கொடுத்தவரை விட 30 லட்சம் கொடுத்தவர் சார்ஜ் ஏறும்வரை டீக்கடையில் குறைவான நேரம் உட்காருகிறார். 2025 ஜூனில் டாடா ஹாரியர் மின்கார் 21.49 லட்சத்திலிருந்து வந்தது. ஆகஸ்டில் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் ஆலையை முதலமைச்சர் திறந்தார், அடுத்த மாதமே அவர்கள் வண்டியும் சந்தைக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு செய்தி வரும்போதும் என் யார்டில் நிற்கிற காருக்கு இரண்டு லட்சம் குறையும். கார் ஒரு அங்குலம் நகராமல்.

2025 ஏப்ரலில் காங்கேயத்திலிருந்து ஒரு அரிசி ஆலை முதலாளி மகனோடு வந்தார். காலையில் போன் செய்துவிட்டுத்தான் வந்தார். நான் காரைத் திறந்து வைக்கலாம் என்று போனால் சாவிக்கு அசையவில்லை. பல நாள் நின்றதில் உள்ளேயிருக்கிற 12 வோல்ட் சின்ன பேட்டரி படுத்துவிட்டது. பெரிய பேட்டரியில் 70 சதவீதம் சார்ஜ் இருந்தும் கதவு திறக்க மாட்டேன் என்கிறது. சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை உருவிக் கதவைத் திறந்து, பக்கத்தில் நின்ற 2012 வேகன்-ஆரிலிருந்து ஜம்பர் வயர் போட்டோம். ஒரு கோடி ரூபாய்க் காருக்கு ஒன்றரை லட்ச ரூபாய் வேகன்-ஆர் உயிர் கொடுத்துக்கொண்டிருக்கும்போது அவர்கள் கேட்டுக்குள் நுழைந்தார்கள்.

பெரியவருக்கு வண்டி பிடித்துப்போனது. கதவை மூன்று தடவை சாத்திச் சாத்திப் பார்த்தார். ‘சத்தத்தைக் கேளுடா, பெட்டகம் மூடற மாதிரி இருக்குது’ என்றார். பையன் முன் சீட்டில் உட்கார்ந்து திரையைத் தொட்டான். அது யோசித்து யோசித்து அடுத்த பக்கத்துக்குப் போனது. அவன் முந்தின நாள்தான் புது உள்நாட்டு வண்டி ஒன்றை ஓட்டிப் பார்த்திருக்கிறான். ‘ஏனுங்கண்ணா, இதுல சாஃப்ட்வேர் அப்டேட் வருங்களா?’ என்று கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன். பெரியவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார், ‘பேட்டரி போச்சுன்னா?’ எட்டு வருடம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் வாரண்டி, இன்னும் நாலரை வருடத்துக்கு மேல் பாக்கி என்றேன். ‘அதுக்கப்புறம்?’ என்றார். 40 லட்சம் ஆகும் என்று நான் காதில் வாங்கியிருந்தேன். அதைச் சொல்லவில்லை. அவரே தலையை ஆட்டிக்கொண்டு 31 என்றார். காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

பேட்டரி பயம்தான் விலையை இறக்கியது என்று உங்கள் கட்டுரை முடிவு கட்டியிருக்கிறது. அது ஒரு காரணம், அவ்வளவுதான். வரிக் கணக்கைப் பார்த்தால்தான் முழுசும் விளங்கும்.

ஒரு கோடி ரூபாய் டீசல் கார் வாங்கினால் தமிழ்நாட்டில் சாலை வரி 20 சதவீதம். 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு அதுதான் விகிதம். ஒரு கோடிக்கு 20 லட்சம் வரி, அதை முதல் ஓனர் கட்டிவிடுகிறார். ஷோரூம் விலைக்குள்ளேயே பெரிய எஸ்.யூ.வி.க்கு ஜி.எஸ்.டி.யும் செஸ்ஸும் சேர்ந்து 50 சதவீதம் இருந்தது, 2025 செப்டம்பர் 22-லிருந்து 40. ஆக, அதைப் பழசாக வாங்குகிறவருக்கு இன்னொருவர் கட்டிய வரி இலவசமாகக் கிடைக்கிறது. புதுசாக வாங்கினால் அந்த வரியை அவரே கட்ட வேண்டும். பழைய டீசல் காரின் விலையைத் தாங்கிப் பிடிப்பது இந்த வித்தியாசம். என்னிடம் நின்ற மின்காரின் வயசே ஆன ஜெர்மன் டீசல் எஸ்.யூ.வி. ஒன்றை 62 லட்சத்துக்கு விற்றேன், வண்டி 70,000 ஓடியது.

மின்காரில் இது தலைகீழ். புது மின்காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், சாலை வரி முழு விலக்கு. இன்னொருவர் கட்டிய வரி என்று மிச்சம் பிடிக்கப் பழைய வண்டியில் எதுவும் இல்லை. சரி, அப்படியானால் அந்த ஒரு கோடி எங்கே போனது என்று கேட்பீர்கள். மேலே சொன்ன மூன்றும் வெளிநாட்டில் முழுசாகச் செய்து கப்பலில் வந்தவை. 40,000 டாலருக்கு மேற்பட்ட காரை அப்படி இறக்கினால் அந்தச் சமயத்தில் சுங்க வரி மட்டும் 100 சதவீதம். முதல் ஓனர் கொடுத்ததில் ஏறக்குறைய பாதி துறைமுகத்திலேயே தங்கிவிட்டது. இங்கே ஆலை வைத்துச் செய்கிற வண்டி வந்ததும் அந்தப் பாதிக்கு மதிப்பே இல்லாமல் போய்விட்டது.

கம்பெனிகள் தங்கள் காரைத் தாங்களே வெட்டிக்கொண்டதும் உண்டு. பி.எம்.டபிள்யூ. ஐ.எக்ஸ்.1 இறக்குமதியாக 2023 செப்டம்பரில் வந்தபோது 66.90 லட்சம். 2025 ஜனவரியில் அதையே இன்னும் நீளமாக, செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திரா வேர்ல்டு சிட்டி ஆலையில் செய்து 49 லட்சத்துக்கு விட்டார்கள். மோட்டார் ஒன்று குறைவுதான், ஆனால் பின்னால் கால் நீட்ட இடம் அதிகம். முதல் வண்டியை வாங்கி அப்போது ஒன்றேகால் வருடம் ஆனவர் அதற்கப்புறம் என்ன விலை சொல்லி விற்பார்?

எங்கள் தொழிலுக்கும் ஒரு வரி உண்டு. 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், பழைய மின்காரை வியாபாரி விற்றால் அவருடைய லாபத்தின் மேல் 18 சதவீதம் என்று ஆக்கியது. முன்பு 12. புது மின்காருக்கு 5-ஆக வைத்துக்கொண்டு பழசுக்கு 18 என்றால் அரசாங்கம் எதை வாங்கச் சொல்கிறது என்று புரிகிறது. நட்டத்துக்கு வரி கிடையாது என்பது மட்டும் நிம்மதி. அந்தக் காரில் என்னால் அரசாங்கத்துக்கு ஒரு பைசா வரவில்லை.

இன்சூரன்ஸ் இன்னொரு வேடிக்கை. மூன்று வருடம் தாண்டிய வண்டிக்கு, புதுசில் இருந்த ஷோரூம் விலையில் 40 சதவீதம் கழிப்பார்கள். அது டீசலா, பெட்ரோலா, பேட்டரியா என்று பார்ப்பதில்லை. ஆக, 2024 கடைசியில் பாலிசி புதுப்பித்தபோது என் காரின் மதிப்பு காகிதத்தில் 60 லட்சம். அதற்குத்தான் பிரீமியம் கட்டினேன். சந்தையில் 38-க்கு மேல் கேட்க நாதியில்லை. ‘மாமா, பேசாம வாலாங்குளத்துல தள்ளிடலாமா’ என்றான் என் மைத்துனன். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

2025 ஆகஸ்டில் உடுமலை டாக்டர் ஒருவர் 33.5 லட்சத்துக்கு வாங்கினார். 46-ல் இருந்து 33.5, அதாவது 12.5 லட்சம். வட்டி 6,37,500. மொத்தம் 19 லட்சத்துக்குப் பக்கம் போய்விட்டது. 2021-ல் ஒரு லட்சம் டெஸ்லா வாங்குவதாக அறிவித்த ஹெர்ட்ஸ் வாடகைக் கார் கம்பெனி, 2024 ஜனவரியில் 20,000 மின்கார்களை விற்றுத் தள்ளப் போவதாகச் சொல்லி 24.5 கோடி டாலர் நட்டம் எழுதியது என்று என் மகன் ஆறுதல் சொன்னான். அவர்களுக்கு ஒன்றேகால் வட்டி கிடையாதுடா என்றேன்.

டாக்டரைக் கேட்டால் அவர் கதையே வேறு. தினமும் உடுமலையிலிருந்து பொள்ளாச்சி போய் வருகிறார். வீட்டில் சோலார் இருக்கிறது. 33.5 லட்சத்துக்கு அந்தக் கதவுச் சத்தமும், ஏர் சஸ்பென்ஷனும், சத்தமில்லாத ஓட்டமும் வேறு எதில் கிடைக்கும் என்று கேட்கிறார். நியாயம்தான். நீண்ட நாள் வைத்து ஓட்டுவேன், விற்கும் எண்ணம் இல்லை என்பவருக்கு இது நல்ல பேரம். பத்து வருடம் கழித்து உதிரிப் பாகத்துக்கு எங்கே போவார் என்ற கவலை எனக்குண்டு. ஈ.க்யூ.சி. உற்பத்தி 2023-லேயே நின்றுவிட்டது. ஈ-ட்ரான் செய்த பிரஸ்ஸல்ஸ் ஆலையை 2025 பிப்ரவரியில் மூடியே விட்டார்கள்.

கோடீஸ்வரர்களுக்கு நட்டம் என்றால் நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்காக நானும் கவலைப்படவில்லை. ஆனால் இப்போது சம்பளக்காரர்கள் ஏழு வருட இ.எம்.ஐ.யில் 15, 20 லட்சத்து மின்கார் வாங்குகிறார்கள். நாளைக்கு அதைவிட மலிவாக, அதைவிட நல்லதாக ஒன்று வரத்தான் போகிறது. பேட்டரி விலை போகிற போக்கு அப்படி. உலகச் சராசரி 2010 வாக்கில் பேட்டரியின் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் இருந்தது, 2024-ல் 115 டாலர் என்று புளூம்பெர்க் ஆய்வுப் பிரிவு கணக்குக் கொடுத்திருக்கிறது. விலை இறங்குவதை யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். என் வயிற்றெரிச்சலுக்காக ஊர் ஜனம் பழைய விலை கொடுக்க வேண்டுமா என்ன?

நான் கேட்பது ஒரு காகிதம். டீசல் காருக்கு ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருதடவை புகைச் சான்று எடுக்கச் சொல்கிறோம். மின்காருக்கு அது தேவையில்லை. அந்த இடத்தில் பேட்டரிச் சான்று ஒன்றைக் கொண்டுவரலாம். பேர் மாற்றும்போது 29, 30 படிவங்களோடு அதையும் வைக்க வேண்டும் என்று மத்திய போக்குவரத்து அமைச்சகம் ஒரு விதி போட்டால் போதும். கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருக்கிற சதவீதத்தை முத்திரை குத்திக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2027 பிப்ரவரியிலிருந்து மின்கார் பேட்டரி ஒவ்வொன்றுக்கும் பாஸ்போர்ட் மாதிரி ஒரு பதிவைக் கட்டாயம் ஆக்குகிறது. நம் ஊரில் மாட்டுக்குக் காதில் கம்மல் போட்டு நம்பர் கொடுத்தாகிவிட்டது, பேட்டரிக்கு முடியாதா?

அப்புறம் வாரண்டி. ‘வாழ்நாள் வாரண்டி’ என்று விளம்பரம் வருகிறது. வாழ்நாள் என்பது முதல் ஓனர் கையில் இருக்கும்வரை. கை மாறினால் வருடக் கணக்கு, கிலோமீட்டர் கணக்கு. ஓனர் மாறினால் பேட்டரிக்கு என்ன ஆகிவிடும்? அதே பேட்டரிதானே. முதல் ஓனருக்குக் கொடுத்த வாக்கை இரண்டாவது ஓனருக்கும் கொடுத்தால், விற்கிறவருக்கும் நாலு லட்சம் கூடக் கிடைக்கும். இதைப் புது வண்டி வாங்குகிற யாரும் ஷோரூமில் கேட்பதில்லை.

எனக்கு 46 லட்சத்துக்கு விற்றாரே திருப்பூர்க்காரர், அவர் போன வாரம் போன் செய்தார். அந்தப் பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு 2025-ல் உள்நாட்டு மின்கார் ஒன்று எடுத்திருந்தார். இப்போது அதைவிடப் புதுசு ஒன்றுக்கு மனசு போய்விட்டதாம். ‘என்ன வெல போகுங்க?’ என்றார். பேட்டரி எத்தனை சதவீதம் என்று சர்வீஸ் சென்டரில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள், விலை சொல்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

‘அதெல்லாம் தருவாங்களாங்க?’ என்றார்.

இப்படிக்கு,
பழைய கார் வியாபாரி ஒருவன்,
பீளமேடு, கோவை-4
(பெயர் வெளியிட வேண்டாம்)